ஏணி முறை

இருபத்துநான்கு வீடுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் ஏணிதான் இருந்தது.

வேங்கிக்காலைத் தாண்டி, நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கூட்டுறவு வீட்டு வசதிச் சங்கம் கட்டிக்கொடுத்த குடியிருப்பு அது. மாவட்டம் பிரிந்த 1989-இல் எல்லோரும் குடிவந்தார்கள். எல்லா வீடும் ஒரே அச்சு. ஒரு கூடம், ஓர் அறை, சமையலறை, முன்னால் நான்கு பேர் நெருக்கி உட்காரும்படி ஒரு தாழ்வாரம். மேலே தட்டையான மொட்டை மாடி. மாடிக்குப் போகப் படிக்கட்டு மட்டும் கிடையாது. வரைபடத்தில் இருந்தது, எஸ்டிமேட்டில் விழுந்துவிட்டது என்றார்கள். கட்டட வேலை முடிந்து கிளம்பும்போது மேஸ்திரி ஒரு சவுக்கு ஏணியை விட்டுவிட்டுப் போனார். இரண்டு நீளக் கழிகள், குறுக்கே தேங்காய்நார்க் கயிற்றால் கட்டிய பன்னிரண்டு படிகள்.

முதல் கோடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கூரை, சாயங்காலத்தில் அதை வீட்டுக்குள் இறக்கும். மின்விசிறி சுழன்றால் சுடுகாற்றுதான். மேலே ஏறினால் மட்டும் மலைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் காற்று வரும். ஏணிக்கு அடிதடியானது. அப்போது சங்கச் செயலாளராக இருந்த பத்தாம் எண் வீட்டு இராமலிங்கம்தான் ஒரு முறை வகுத்தார். சித்திரை முதல் நாளிலிருந்து கத்திரி வெயில் முடியும்வரை, எண் வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒரு வீடு. ஏணி யார் வீட்டுச் சுவரில் சாய்ந்திருக்கிறதோ, அன்று சாயங்காலம் அந்த மாடி எல்லோருக்கும் பொது. அந்த வீட்டார் ஐந்து மணிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஏற்றித் தளத்தைக் கழுவி ஆற்ற வேண்டும், பாய் விரிக்க வேண்டும், மெல்லுவதற்கு ஏதாவது தர வேண்டும். மழையோ சாவோ வந்து ஏணி சாயாமல் போனால் அந்த வீட்டின் முறை போய்விடாது. அது மறுநாளுக்குத் தள்ளும், பின்னால் இருக்கிற எல்லோரும் ஒரு நாள் தள்ளிப்போவார்கள். ஒரு கோடை எந்த எண்ணில் முடிகிறதோ, அடுத்த கோடை அதற்கடுத்த எண்ணில் தொடங்கும். இது தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

மணிமொழி மீறும்வரை.

அவள் 91-இல் பதினோராம் எண் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். கணவன் வளவனுக்கு நில அளவைத் துறையில் சங்கிலி பிடிக்கிற வேலை. மணிமொழி பி.ஏ. வரலாறு. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் அவளுடைய ஊரில், அவள் குடும்பத்தில், அதற்கு முன் யாரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. கல்லூரியில் சேர்க்க அழைத்துவந்த அன்று, அலுவலக வாசலில் அவள் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்டதும் வெட்கமாக இருந்தது. பட்டம் வாங்கிய கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தாள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய் அட்டையைப் புதுப்பித்து வந்தாள். தேர்வுகள் எழுதினாள். ஒன்றும் வரவில்லை. படித்தது எதற்கு என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே கேட்டுக்கொண்டாள்.

குடியிருப்பில் அவள் பெயரே மாறிப்போனது. அதை மாற்றியது பன்னிரண்டாம் எண் வீட்டு வேதா.

"இன்னாடி பி.ஏ., அடுப்புல பால் பொங்குது, நீ புக்கு படிச்சிகினு கீறியா?" என்று ஒருநாள் சந்திலிருந்து குரல் கொடுத்தாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அவள் பி.ஏ.தான்.

வேதாவின் கணவன் சின்னசாமி கடலை மூட்டை ஏற்றும் வேன் ஓட்டினான். வேதா ஐந்தாவதோடு நின்றவள். வீட்டு வாசலில் உட்கார்ந்து கூலிக்குக் கடலை உடைப்பாள். மணிமொழியைவிட ஆறேழு வயது மூத்தவள். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரே சந்து. மணிமொழி வீட்டு முறையன்று ஏணி அந்தச் சந்தில் இந்தப் பக்கச் சுவரில் சாயும். மறுநாள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கும் போக வேண்டியதில்லை. திருப்பி எதிர்ச்சுவரில் சாய்த்தால் போதும், வேதா வீட்டு முறை. செருப்புகளைக் கழற்றிப் போடும் மணலும் ஒன்றேதான்.

மணிமொழி கெட்டுப்போனது அந்த மணலில்தான். அவள் சமையலறை ஜன்னல் அதைப் பார்த்துத் திறக்கும். ஒரு வருடம் சும்மா எண்ணிப் பார்த்தாள். அவள் முறையன்று பத்தொன்பது ஜோடி. மறுநாள் அதே இடத்தில் முப்பத்துநான்கு.

இத்தனைக்கும் அவள் கேசரி கிண்டியிருந்தாள். வேதா கொடுத்தது வேகவைத்த கடலையும் பானைத் தண்ணீரும்.

ஆனால் வேதாவிடம் வேறொன்று இருந்தது. குடியிருப்பில் யார் யார் எப்படி ஏணி ஏறுவார்கள் என்று நடித்துக் காட்டுவாள். ஏணியே வேண்டாம், வெறும் தளத்தில் நின்றபடி ஏறுவாள். சங்கத் தலைவர் அருள்ராஜ் முதலில் வயிற்றைப் படிமேல் வைத்துவிட்டு அப்புறம் அவர் ஏறுவது. ஆறாம் எண் எல்லம்மாள் படிக்கு ஒரு சாமி பெயராகச் சொல்லி, பன்னிரண்டாவது படியில் சாமி தீர்ந்துபோய், மாரியாத்தாளையே இரண்டாம் முறை கூப்பிடுவது. வளவன் இல்லாத சங்கிலியைப் பின்னால் இழுத்துக்கொண்டே ஏறுவது. யாரைச் செய்கிறாளோ அவர்தான் அதிகம் சிரிப்பார். அருள்ராஜ், "எங்க, என்ன இன்னொரு தபா பண்ணும்மா" என்று கேட்டு வாங்குவார்.

மணிமொழியை மட்டும் அவள் செய்ததே இல்லை.

முதலில் அது மரியாதை என்று நினைத்தாள். பிறகு பயம் என்று நினைத்தாள். 95 கோடையில் ஒருநாள் வளவனிடமே கேட்டாள்.

"எல்லாரையும் பண்றாங்க. என்ன ஏன் பண்றதில்ல?"

"பண்ணா நீ கோச்சிப்பன்னு பயந்திருக்கும்."

"நான் எப்ப கோச்சிகிட்டேன்?"

"இதோ இப்ப."

அந்த வருடம் தன் முறையன்று அவள் பொது அறிவுப் போட்டி வைத்தாள். கேள்விகளைத் தாளில் எழுதி, பரிசுக்கு ஆறு பேனா வாங்கிவைத்திருந்தாள். தென்னிந்தியாவின் நீளமான ஆறு எது என்று கேட்டாள். எல்லோரும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அருள்ராஜ்தான் வாயைத் திறந்தார்.

"எதுல தண்ணி வருதோ அத்த சொல்லும்மா. போயி ரெண்டு குடம் புடிச்சிகினாவது வரலாம்."

மாடியே சிரித்தது. தன் மாடியில் எழுந்த அவ்வளவு பெரிய சிரிப்பு அது ஒன்றுதான். அதுவும் தன்னுடையது அல்ல என்று மணிமொழிக்குத் தெரிந்தது. எட்டு மணிக்கு முன்னாலேயே பாய்கள் காலியாகிவிட்டன. மறுநாள் எதிர்மாடியில் ஊரே இருந்தது. அவளுடைய மூன்று வயதுச் சினேகா வேதாவின் மடியில் தூங்கிப்போயிருந்தாள். கைமாற்றி வாங்கியபோது குழந்தை சிணுங்கிக்கொண்டு வேதாவின் புடவையைப் பிடித்தது. அந்தப் பிடியை ஒவ்வொரு விரலாக விடுவித்தது மணிமொழிக்கு வெகுநாள் மறக்கவில்லை.

இது பொறாமையா என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்வாள். இல்லாதவர்களுக்குத்தானே பொறாமை வரும்? என்னிடம் இருக்கிறதே, பட்டம் இருக்கிறதே. அந்த அம்மாவிடம் என்ன இருக்கிறது? யோசித்து யோசித்து, பதில் தெரிகிற இடம் வந்ததும் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவுவாள்.

இனி அந்த 96 சித்திரை.

எல்லா முறையிலும் பெரிய முறை சித்திரா பௌர்ணமி. அன்று கிரிவலத்துக்கு வரும் உறவுக்காரர்கள் எல்லாம் முதலில் குடியிருப்பில்தான் இறங்குவார்கள். நடக்கப் போகுமுன் மாடியேறி, கிழக்கே கொல்லைமேட்டில் நிலா எழுவதைப் பார்த்து, திரும்பி மலையைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அன்று யார் மாடியோ அந்த எண் அந்த வருடம் முழுக்கப் பேச்சில் இருக்கும். "எட்டாம் நம்பர் வூட்ல பௌர்ணமி பாத்தமே, அந்த வருசம்" என்பார்கள். மணிமொழிக்கு அது வாய்த்ததே இல்லை. அந்த வருடம் அவள் அப்பா கிரிவலத்துக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். மகள் வீட்டுச் சுவரோரம் நாற்பது ஜோடி செருப்பு கிடப்பதை அவர் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. ஆசை என்றால் சாதாரண ஆசை இல்லை. சாப்பிடும்போதும் அதே நினைப்பு.

பங்குனியிலேயே தினசரிக் காலண்டரை எடுத்துவைத்து, பென்சிலால் ஒவ்வொரு நாளுக்கும் வீட்டு எண் போட்டாள். போன கோடை பதினைந்தில் முடிந்திருந்தது. எண்ணிக்கொண்டே வந்தாள். பௌர்ணமியில் பன்னிரண்டு வந்து நின்றது. வேதா. அதற்கு முதல் நாள் பதினொன்று.

ஒரே ஒரு நாள்.

மழை வந்தால் போதும். ஒரு சாயங்காலம், ஒரு மணி நேரம். ஏணி ஒரு நாள் சாயாமல் போனால் எல்லாம் ஒரு நாள் தள்ளி, பௌர்ணமி அவள் சுவருக்கு வந்துவிடும். சித்திரை பிறந்தது. வானம் வெளுத்துக் கிடந்தது. தினம் மாலை நான்கு மணிக்கு வாசலில் நின்று மலைக்குமேல் மேகம் தேடினாள். "பி.ஏ.வுக்கு மழ மேல இன்னா திடீர்னு இவ்ளோ பாசம்?" என்றாள் வேதா.

பௌர்ணமிக்கு ஆறு நாள் இருக்கும்போது ஏணி ஆறாம் எண் எல்லம்மாள் வீட்டுக்கு வந்தது. இனி மழையை நம்ப முடியாது என்று மணிமொழி முடிவு செய்தாள்.

நடுப்பகல் இரண்டு மணி. தார்ச்சாலையில் கானல் ஓடியது. குடியிருப்பில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எலுமிச்சம்பழம் கேட்கப் போகிறவள்போல ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். காய் நறுக்கும் கத்தி இடுப்பில், முந்தானைக்குள். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே இருந்த சந்து. ஐந்தாம் எண் வீட்டார் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் வீடு பூட்டியிருந்தது, அவர்கள் தாழ்வாரத்தில் யாரோ நிழலுக்காகக் கடலை மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சந்துக்குள் ஏணி காலையிலேயே சாய்ந்திருந்தது.

கீழிருந்து இரண்டாவது படி என்று முன்பே யோசித்து வைத்திருந்தாள். யாராவது சறுக்கினாலும் முழங்கால் உயரம்தான். இடப்பக்கக் கட்டு. ஒரே இழுப்பில் அறுந்துவிடும் என்று நினைத்தாள். நார்க் கயிறு கத்தியைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது இழுப்பில் பாதி போனது. மூன்றாவதில்தான் விட்டது. கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தபோது காலடியில் ஏதோ சரக்கென்று நொறுங்கியது. ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டாள். குனிந்து பார்த்தால் கடலைத் தோல். மூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஐந்து மணிக்கு, எல்லம்மாளுக்கு உதவியாக முதல் குடத்தை ஏற்றப் போன அருள்ராஜ் குடத்தோடு மணலில் உட்கார்ந்தார். அடி ஒன்றும் இல்லை, முழுக்க நனைந்திருந்தார்.

"ஏணி என்னத் தூக்க மாட்டன்னு சொல்லிடுச்சிப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இராமலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு கட்டாக விரலால் அழுத்திப் பார்த்தார். "ஏழு வருசத்து நாரு. எல்லாமே இத்துப் போச்சி. ஒண்ண மட்டும் கட்டி பிரயோஜனம் இல்ல. டவுன்லருந்து இருசப்பனக் கூப்புடுங்க, பூராவும் புதுசா கட்டிரலாம்."

இருசப்பன் சாரம் கட்டுகிறவர். மறுநாள் காலையில் வந்து ஏணியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். "நாரு ஊறணும் சாமி. ஊறாம கட்டுனா வெயில்ல லூசாயிடும். இன்னிக்கி ஊறட்டும், நாளிக்கி மத்தியானம் கட்டித் தர்றேன்" என்றார்.

இரண்டு நாள்.

எல்லம்மாள் முதல் நாளே மூன்று படி கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்திருந்தாள். மாடி இல்லாததால் வீடு வீடாகக் கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். "இன்னா பண்றது, எங்க சின்ன மாமியார்லாம் ஊர்லருந்து வந்து ஒக்காந்துகினு கீறாங்க. என் நேரம்" என்றாள். மணிமொழி அந்தச் சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள். மறுநாள் இருசப்பன் சொன்னது காதில் விழுந்ததும் காலண்டரை எடுத்துப் புதிதாக எண் போட்டாள். ஒரு நாள் தள்ளினால் பௌர்ணமி பதினொன்று. இரண்டு நாள் தள்ளினால்?

பத்து. இராமலிங்கம்.

மனைவி போனபிறகு இராமலிங்கம் தன் முறையன்று ஏணியைச் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவர். அவரிடம் இரண்டு பாய்கூட இல்லை. மறுநாள் சாயங்காலம் மணிமொழி வீட்டு வாசலில் வந்து நின்றார். நேராகப் பார்க்காமல், துண்டை மடித்துக்கொண்டே பேசினார்.

"பௌர்ணமி என் தலையில வுழுந்துடுச்சிம்மா. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் வேதாவும் கொஞ்சம் பாத்துகினா, ஊரு ஜனம் வர்ற நாளு, அசிங்கமில்லாம போயிடும்."

அவர் முகத்தில் பயம் இருந்தது. அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்ததைப் பார்த்து அவளுக்கு அவர்மேல்கூட எரிச்சல் வந்தது.

பௌர்ணமியன்று மணிமொழி காலையிலிருந்து வேலை செய்தாள். எலுமிச்சைச் சாதம், பானகம், வெள்ளரிப்பிஞ்சு. பத்தாம் எண் மாடிக்கு முப்பது குடம் தண்ணீர் அவளும் வளவனும் ஏற்றினார்கள். கழுவிய தளத்திலிருந்து ஆவி எழுந்தது. அப்பா நான்கு மணி பஸ்ஸில் வந்தார். ஏணியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏறலாமா?" என்று அனுமதி கேட்டார். "இது நம்ம மாடி இல்லப்பா" என்றாள் மணிமொழி. அதை ஏன் அப்படிச் சொன்னோம் என்று அப்புறம் யோசித்தாள்.

ஐம்பத்திரண்டு ஜோடி. பாய் போதாமல் ஜனங்கள் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். நிலா செம்பழமாக எழுந்து மேலே வந்து வெளுத்தது. எல்லோரும் கிழக்கே ஒரு முறையும் மலையை ஒரு முறையும் கும்பிட்டார்கள். சாதத்தைப் பற்றி இரண்டு பேர் நன்றாக இருந்தது என்றார்கள். அதற்குப் பிறகு அருள்ராஜ், "வேதா, ஆரம்பிம்மா" என்றார்.

வேதா எழுந்து புடவையை வரிந்துகொண்டாள். அருள்ராஜ் குடத்தோடு உட்கார்ந்ததைச் செய்தாள். இருசப்பன் ஏணியைச் சுற்றிவந்து அதற்கு நாடி பார்த்ததைச் செய்தாள். மணிமொழியின் அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்தம்மா யாரு? நல்லா பண்ணுதே" என்று மகளிடமே கேட்டார்.

"இப்ப பி.ஏ.!" என்றாள் வேதா.

மணிமொழி பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஐந்து வருடம் காத்திருந்தது இதற்குத்தான்.

வேதா முதலில் ஏறவே இல்லை. கீழே குனிந்து, இல்லாத செருப்புகளை விரல்விட்டு எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது. ஒரு ஜோடி கோணலாக இருந்ததை நேராக வைத்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். சிரிப்பு வெடித்தது. "ஆமா, ஆமா, அப்படியேதான்!" என்று எல்லம்மாள் கத்தினாள். அப்புறம் வேதா முதல் படியில் கால் வைத்தாள். இரண்டாவது படிக்கு வந்ததும் நின்றாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். இறங்கி உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து எதையோ எடுத்து, ஒரே இழுப்பாக இழுத்து, மறுபடி இடுப்பில் செருகினாள். நுனிக்காலில் இரண்டு அடி நடந்தாள். காலடியில் ஏதோ நொறுங்கியதுபோல ஒரு காலைத் தூக்கியபடி அப்படியே நின்றாள்.

"பி.ஏ. கட்டு சரியா கீதான்னு செக் பண்ணுது! படிச்சவங்கன்னா சும்மாவா?" என்றார் அருள்ராஜ். அப்பா மகளின் முதுகில் தட்டிச் சிரித்தார்.

மணிமொழியும் சிரித்தாள். சிரிக்காமல் இருக்க முடியாது என்பதால் சிரித்தாள். ஐந்தாம் எண் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரிந்தது. வேதா அவளைப் பார்க்கவில்லை. பானையில் தண்ணீர் மொண்டு குடித்தாள்.

அப்பா அன்றே கிரிவலம் நடந்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

மறுநாள் மணிமொழியின் முறை. காலையில் சந்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வேதாவிடம் போய் நின்றாள்.

"ஏங்க்கா எல்லார்கிட்டயும் சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? அதான் செஞ்சி காட்டிட்டனே."

"பௌர்ணமி எனக்கு வரணும்னுதான்…"

"கேட்டிருந்தா மாத்திகினு இருப்பன்ல? எங்கப்பா வர்றாரு, எனக்குக் குடுக்கான்னு ஒரு வார்த்த." வேதா ஒரு பாவாடையை உதறிக் கொடியில் போட்டாள். "எனக்கு பௌர்ணமின்னா இன்னா? நாலு பேரு ஜாஸ்தி. அவ்ளோதான்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் மணிமொழி தாங்கியிருப்பாள். சும்மா சொன்னாள். தான் சோறு தண்ணி இல்லாமல் ஏங்கிக் கிடந்த ஒன்று இந்த அம்மாவுக்கு நாலு பேர் ஜாஸ்தி, அவ்வளவுதான்! கொடுக்கிற அளவுக்கு இருக்கிறது அவளிடம். முந்தைய நாளைவிட அதிகமாக எரிந்தது.

பௌர்ணமிக்கு மறுநாள் என்றால் எப்போதும் கூட்டம் கம்மி. பத்து ஜோடி வந்தால் பெரிது என்று நினைத்துக்கொண்டே மணிமொழி தளத்தைக் கழுவினாள். ஆனால் ஆறு மணியிலிருந்தே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எல்லம்மாள் தன் சின்ன மாமியாரை அழைத்துவந்தாள். முந்தைய நாள் கிரிவலம் போய்ப் பார்க்காமல் விட்டவர்கள் வந்தார்கள். ஏழு மணிக்கு மணிமொழி ஜன்னலில் எண்ணினாள். முப்பத்தாறு. அவளுடைய சுவரில் அதுவரை விழாத எண். ஒரு நொடி உடம்பு பூரித்தது. மேலே ஏறிப் போனதும் விஷயம் தெரிந்தது.

"எங்க, நேத்து பி.ஏ.வ பண்ணியாமே, எங்க சின்ன மாமியாருக்கு ஒரு தபா காட்டு" என்றாள் எல்லம்மாள்.

அந்த முப்பத்தாறும் வேதாவுக்காகத்தான். தன் மாடியில், தன்னையே பார்க்க வந்திருந்தார்கள், அப்போதும் வேதாவிடம்தான் பார்க்க வந்திருந்தார்கள்.

வேதா தயங்கினாள். சினேகா அவள் மடியில் இருந்தாள். "இன்னிக்கி வேணாம், கால் வலிக்குது" என்றாள். விடவில்லை. கடைசியில் குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். செருப்பு எண்ணினாள், கோணல் செருப்பை நேராக்கினாள். முதல் படி, இரண்டாம் படி. இன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மேலே ஏறிவிடப் பார்த்தாள். "அந்த செக் பண்றது, அந்த செக் பண்றது!" என்றார் அருள்ராஜ். வேதா மணிமொழியை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து எடுத்து, லேசாக ஒரே இழுப்பு.

மணிமொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தோள் குறுகியது, மூச்சைப் பிடித்துக்கொண்டது, எல்லாம் தானேதான். தனக்கே தெரியாத தன்னை இந்த அம்மா எங்கிருந்து எடுத்தாள் என்று இருந்தது. ஆனால் அந்த ஒரே இழுப்பு மட்டும் தப்பு.

"அப்படி இல்லக்கா" என்று எழுந்தாள்.

எல்லோரும் திரும்பினார்கள். வேதா, "ஒக்காரு மணி" என்றாள். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மணிமொழி உட்காரவில்லை. நடுவே போய், வேதா இருந்த இடத்தில் மண்டியிட்டாள். இடது கையால் கழியைப் பிடித்தாள். வலது கையை இழுத்தாள்.

"ஒண்ணுல வரல. நாரு கத்தியப் புடிச்சிகிச்சி." இரண்டாம் முறை இழுத்தாள். "இதுல பாதி போச்சி." பல்லைக் கடித்து மூன்றாம் முறை இழுத்தாள். "இதுலதான் வந்துச்சி. அப்புறந்தான் இடுப்புல சொருகினேன்."

முதல் இழுப்புக்குச் சிரித்தவர்கள் இரண்டாவதுக்கும் சிரித்தார்கள். மூன்றாவதில் சிரிப்பு நின்றது. அவள் இன்னும் மண்டியிட்டபடி இருந்தாள். நன்றாகச் செய்தோமா என்று நிமிர்ந்து முகங்களைப் பார்த்தபோதுதான், தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே புரிந்தது.

"அப்போ என் மூணு படி கடல…" என்றாள் எல்லம்மாள். முடிக்கவில்லை. சின்ன மாமியாரின் கையைப் பிடித்து எழுப்பினாள். அருள்ராஜ் தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். வளவன் மலையைப் பார்த்தபடி நின்றான். இராமலிங்கம், "பௌர்ணமிக்காகவாம்மா?" என்று மட்டும் கேட்டார், பதிலுக்கு நிற்காமல் இறங்கினார். ஒருவர் பின் ஒருவராக ஏணியடியில் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. மணிமொழி காதால் எண்ணினாள். எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். முப்பத்தைந்தோடு நின்றது.

வேதா போகவில்லை. பாயில் உட்கார்ந்து சினேகாவை மறுபடி மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

"மூணு இழுப்பா?" என்றாள் கடைசியில். "நான் ஒண்ணுன்னுல்ல நெனச்சேன். மூட்டைக்கிப் பின்னாலருந்து சரியா தெரியல."

மணிமொழிக்கு அழுகை வந்திருக்க வேண்டிய இடம் அது. வந்துகொண்டும் இருந்தது. ஆனால் அதற்கு முன்னால், வேதாக்காவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிந்திருந்தது என்று உள்ளே சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. வேதா அதையும் பார்த்துவிடுவாளே என்று, முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.